மாட்டை விற்றவன் பாட்டு

யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'ஷிப்பிங்கில் இருக்கிறேன்' என்பேன். பெண் பார்க்கப் போனபோது அம்மாவும் அப்படித்தான் சொன்னார். உண்மையில் நான் கப்பலுக்கு முட்டைக்கோஸ் கொண்டுபோய்க் கொடுப்பவன். சாண்ட்லர் கம்பெனி என்பார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு அரிசி, முட்டை, மீன், கயிறு, பெயின்ட், இன்ஜின் ரூமில் துடைக்கும் பழந்துணி வரை எது கேட்டாலும் ஏற்பாடு செய்ய வேண்டும். கேங்வே என்கிற கப்பல் படியில் ஏறி, கேப்டனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். பதினான்கு வருஷமாக இதுதான்.

2024 மே 11, சனிக்கிழமை. கத்திரி தொடங்கி ஒரு வாரம். சென்னைத் துறைமுகத்தின் ஜவகர் டாக்கில் ஒரு சரக்குக் கப்பல் நின்றது. பறக்கும் கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி வேறு நாட்டுக்காரர். கேப்டனும் சீஃப் இன்ஜினியரும் குரோஷியாக்காரர்கள், செகண்ட் ஆபீசர் உக்ரைன், குக் உட்பட மற்றவர்கள் பிலிப்பினோக்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சரக்கு ஏறியிருக்க வேண்டும். லாரி துறைமுக வாசலான ஜீரோ கேட் வரிசையில் மாட்டிக்கொண்டது. அந்த வரிசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "முன்னாடி நிக்குற கன்டெய்னர்காரன் ஸ்டவ்வு எடுத்து சோறு ஆக்கினு இருக்கான் தம்பி. அப்படின்னா எப்போ வரும்னு நீயே கணக்குப் போட்டுக்க" என்றார்.

சரி, காத்திருப்போம் என்று மெஸ் ரூமில் உட்கார்ந்தேன். பதினொரு மணிவாக்கில் சீஃப் பக்கத்தில் வந்து, ஏதோ கடத்தல் சரக்கு கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "உன் போனில் டேட்டா எவ்வளவு இருக்கிறது?" என்றார்.

கப்பலுக்கு வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சோறு, தண்ணீர் எல்லாம் அப்புறம். வீட்டுக்குப் பேசத்தான் கேட்பார்கள். இவர் கேட்டது பாட்டுப் போட்டி பார்க்க. அன்று ஸ்வீடனில் மால்மோ நகரத்தில், ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனின் இறுதிச் சுற்று. அங்கே இரவு ஒன்பது மணி, நமக்கு ஞாயிறு பிறந்து பன்னிரண்டரை. இந்தியாவில் யூடியூபிலேயே பார்க்கலாம்.

கப்பலின் இரும்புச் சுவருக்குள் சிக்னல் நிற்காது. குக் ஒரு எவர்சில்வர் சூப் கிண்ணத்தை எடுத்து வந்து வட்ட ஜன்னல் விளிம்பில் வைத்து, அதில் என் போனைச் சாய்த்து நிறுத்தினார். கிண்ணத்தைக் கொஞ்சம் வடக்கே, காசிமேடு பக்கம் திருப்பினால் இரண்டு கோடு ஏறியது. சீஃப் தன் லேப்டாப்பைத் தொலைக்காட்சியில் இணைத்தார். இப்படியாக என் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கப்பலே பாட்டுக் கேட்க உட்கார்ந்தது.

யூரோவிஷன் 1956-இல் ஏழு நாடுகளோடு ஆரம்பித்தது. 2024-இல் 37 நாடுகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு நாடும் ஒரு பாட்டை அனுப்பும். மார்க் போடுவதில் பாதி நடுவர்கள் கையில், பாதி ஜனங்கள் கையில். நம் டிவி பாட்டுப் போட்டிகளில் 'ஜட்ஜ் மார்க்' என்றும் 'மக்கள் ஓட்டு' என்றும் சண்டை வருமே, அதேதான். ஒன்று முதல் எட்டு வரை, அப்புறம் பத்து, அப்புறம் பன்னிரண்டு என்று ஒவ்வொரு நாடும் புள்ளி கொடுக்கும். சொந்த நாட்டுக்கு யாரும் ஓட்டுப் போட முடியாது. போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும், நாம் உட்பட, 'மீதி உலகம்' என்ற ஒரே கணக்கில் ஓட்டுப் போடலாம். ஆனால் காசு கட்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு சீஃப் என்னையே பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் டெபிட் கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். மீதி உலகத்தின் சார்பில் ராயபுரம் அன்று ஓட்டளிக்கவில்லை.

இவ்வளவும் நடக்கும்போது கேப்டன் எங்களோடு உட்காரவில்லை. வாசலிலேயே காபி மக்குடன் நின்றார். அவருக்குக் குரோஷியா அனுப்பிய பாட்டு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, அவமானமாக இருந்தது என்று சொல்லலாம்.

குரோஷியாவின் பாட்டு 'ரிம் டிம் டாகி டிம்'. பாடியவர் பேபி லசான்யா என்று பெயர் வைத்துக்கொண்ட உமாக் ஊர்க்காரர். அர்த்தமில்லாத தலைப்பு, பாட்டோ ஆங்கிலம், பாடுகிறவர் பெயரோ சாப்பாட்டுப் பண்டம்! கேப்டன் அடுக்கினார். போன வருஷம் அனுப்பிய 'லெட் 3' குழுவில் வயசான ஆண்கள் மீசையை முறுக்கிக்கொண்டு கடைசியில் ஜட்டியோடு நின்றார்களாம். "இத்தனை கோடிப் பேர் பார்க்கிற மேடை. நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எங்களிடம் நல்ல பாடகர்களே இல்லையா?"

அவர் ஸாதர் நகரத்துக்காரர். அதைச் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. 1989-இல், குரோஷியாவும் சேர்ந்திருந்த யுகோஸ்லாவியா ஒரே ஒரு தடவை யூரோவிஷனை ஜெயித்தது. ஜெயித்த 'ரிவா' குழு ஸாதரில் இருந்து போனது. அப்போது இவர் பள்ளிக்கூடப் பையன், தெருவே கூத்தாடியதாம். அடுத்த வருஷம் போட்டி ஸாக்ரெப்பில் நடந்தது. அதற்கடுத்த வருஷம் ஸாதரில் குண்டு விழுந்தது. நாடு உடைந்து, 1993 முதல் குரோஷியா தனியாகப் பாடப் போனது. 1996-லும் 1999-லும் நான்காம் இடம். அதற்குமேல் ஏறவே இல்லை. முப்பத்தைந்து வருஷமாக ஒரு மனிதர் அந்தத் தெருக் கூத்து மறுபடி நடக்கும் என்று காத்திருக்கிறார்; மேடையின் பின்திரையில் வந்து நிற்பது கார்ட்டூன் பூனை.

சீஃப் பூலாக்காரர். பூலாவும் உமாக்கும் ஒரே இஸ்திரியாப் பக்கம். "அது என்ன பாட்டு என்று தெரியுமா?" என்று என்னிடம்தான் கேட்டார், பதில் கேப்டனுக்கு. கிராமத்துப் பையன் ஒருவன் மாட்டை விற்றுவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் கதை. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அங்கே இளவட்டங்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பிவிட்டார்கள். கிராமங்களில் கிழவர்கள்தான் மிச்சம். "ஆட்டமும் கூத்துமாக அழுகிற பாட்டு இது. நீயும் நானும் மட்டும் என்ன செய்தோம்? நம்மிடம் மாடு இல்லை, அதனால் விற்கவில்லை."

தவிர, அந்தப் பையனை யாரும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கவில்லை. 'டோரா' என்கிற உள்நாட்டுத் தேர்வில் அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தது. வேறொருவர் விலகியதால் உள்ளே வந்து, எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது சீஃப்புக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், பையன் அவர் மச்சான் மகன் என்றுதான் நினைப்பீர்கள்.

எனக்கு இந்தச் சண்டை புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததுதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் மேடை ஏறியபோது, கானா பாடுகிறவர்கள் கோட் சூட்டில் நின்ற படத்தை என் தம்பி அம்மாவிடம் காட்டினான். அம்மாவுக்குக் கானா என்றால் சாவு வீடு. பிணத்தைச் சுற்றி ராத்திரி முழுக்கச் சட்டி தட்டிப் பாடுவது. "இத போய் மேடையில பாடுவாங்களா? நாலு பேரு நம்மள இன்னானு நினைப்பாங்க?" என்றார். தம்பி கத்தினான். நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மனதுக்குள் அம்மா கட்சி.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் எந்த ஏரியா என்று கேட்டால் 'பாரிஸ் கார்னர் பக்கம்' என்பேன். காசிமேடு என்றால் எதிராளியின் முகம் மாறுகிறதோ இல்லையோ, மாறும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். என் தாத்தாவும் செய்யாறு பக்கம் மாட்டை விற்றுவிட்டுத்தான் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தார். (எருமை என்று அம்மா திருத்துவார்.)

இரண்டு மணிக்கு லாரி வந்தது. பிலிப்பினோப் பையன்கள் சரக்கை ஏற்ற, டிரைவர் அண்ணன் டீ குடிக்க மெஸ் ரூமுக்கு வந்தார். திரையில் யாரோ நெருப்புக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தார்கள். குக் என்னைப் பார்த்து, "இந்தியா இதில் இருந்தால் நீங்கள் எந்தப் பாட்டை அனுப்புவீர்கள்?" என்றார்.

யோசிக்காமலே, கர்நாடக சங்கீதம் ஏதாவது, இல்லையென்றால் ரகுமான் என்றேன். அண்ணனுக்கு இங்கிலீஷ் அரைகுறையாகப் புரியும். "ஏன் தம்பி, நம்ம ஏரியாவுல பாட்டு இல்லையா?" என்றார். அவர் என்ன சொன்னார் என்று குக் கேட்டார். கானா என்று ஒன்று உண்டு என்றேன். போனில் போட்டுக் காட்டச் சொன்னார். போன் கிண்ணத்தில் இருக்கிறது, எடுத்தால் எல்லோருக்கும் படம் நின்றுவிடும் என்றேன். உண்மையான காரணம்தான். ஆனால் அந்தக் காரணம் அங்கே இருந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. டீயை முடித்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

இருபத்து மூன்றாம் எண்ணில் குரோஷியா பாட வந்தது. சீஃப் எழுந்து நின்றுவிட்டார். குக்கும் இன்னும் இரண்டு பேரும் மேசையைத் தட்டினார்கள். கேப்டன் வாசலைவிட்டு நகரவில்லை. ஆனால் காபி மக்கில் அவருடைய மோதிர விரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் மார்க். நாடு நாடாக நடுவர்கள் புள்ளி சொல்ல, சுவிட்சர்லாந்து கிடுகிடுவென்று மேலே போனது. முடிவில் அதற்கு 365, குரோஷியாவுக்கு 210. கேப்டன் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு நாட்டுக்கு ஐந்து நடுவர். ஐந்தே பேர்! இவர்களுக்கு என்ன தெரியும்?" என்றார். சீஃப் திரும்பி அவரையே பார்த்தார்.

எங்கள் பக்கம் பாக்ஸிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சார்பட்டா பரம்பரையா இடியாப்பா பரம்பரையா என்று இன்றைக்கும் பெரிசுகள் வாய்ச்சண்டை போடும். உள்ளூரில் 'அவனுக்கு லெஃப்ட்டே வராது' என்று திட்டித் தீர்த்த ஆளையே, வெளியூரில் பாயிண்டில் தோற்றுவிட்டு வந்தால், 'ஜட்ஜு கண்ணு அவிஞ்சு போச்சா' என்று தோளில் தூக்கிக்கொள்வார்கள். திட்டுவதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, அவனுக்கு ஏது?

ஜனங்கள் ஓட்டு வந்தது. நடுவர்களிடம் குறைவாக வாங்கியவர்களில் ஆரம்பித்து மேலே வருவார்கள். செகண்ட் ஆபீசர் ஓரமாக உட்கார்ந்து இவ்வளவு நேரம் வாயே திறக்கவில்லை. உக்ரைனுக்கு 307 வந்தபோது தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். குரோஷியாவுக்கு 337. அன்றைக்கு ஜனங்கள் யாருக்கும் அதைவிட அதிகமாகக் கொடுக்கவில்லை. மொத்தம் 547. கேப்டன் என் டெலிவரி சலானைப் பிடுங்கிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கடைசியாக சுவிட்சர்லாந்து. 182 வந்தால் சமம், ஒன்று கூடினால் போச்சு. 182 என்று எழுதி அடியில் இரண்டு கோடு கிழித்தார். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

226 வந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேப்டன்தான் எழுந்தார். "எங்கள் பையனைக் கொள்ளையடித்துவிட்டார்கள்" என்றார். எங்கள் பையன்! நாலு மணி நேரம் முன்னால் சாப்பாட்டுப் பண்டமாக இருந்தவன்.

அந்தக் கோபத்தோடு நேராகச் சரக்கைப் பார்க்கப் போனார். ஒன்பது மணி நேரம் கத்திரி லாரியில் வெந்த தக்காளி என்ன கதியில் இருக்கும்? ஒவ்வொரு கிரேட்டாகக் கவிழ்த்தார். நசுங்கியது, வெடித்தது என்று ஒதுக்கி எடை போட்டார். பன்னிரண்டு கிலோ. மற்ற நாளாக இருந்தால் ஐந்து கிலோவோடு பேசி முடித்திருப்பேன். அன்று வாய் வரவில்லை. பின்னால் நின்ற சீஃப், போட்டியில் அறிவிப்பதுபோல நீட்டி முழக்கி, "சென்னை... பன்னிரண்டு புள்ளிகள்!" என்றார். கேப்டன் சிரிக்கவில்லை. பில்லில் கழித்துக் கையெழுத்துப் போட்டார். 182 எழுதிய சலான் இன்னும் எங்கள் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. அது என்ன தொகை என்று ஆடிட்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஐந்தேகாலுக்கு லாரியில் ஏறினேன். காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடித்திருந்தது. அண்ணன் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம், "யாரு ஜெயிச்சாங்க?" என்றார்.

"சுவிட்சர்லாந்து."

"அது எந்த போர்ட்டு?"

"அங்கே கடலே கிடையாதுண்ணா."

"கடலே இல்லாதவன்கிட்டயா தோத்தானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, டேஷ்போர்டில் கையை நீட்டிப் பாட்டைப் போட்டார். கானாதான். ஜன்னல் கண்ணாடி திறந்திருந்தது.