சிஎஸ்ஆர் பகுதிய நான் படிச்ச விதம்

சிஎஸ்ஆர்னா சர்டிஃபிகேட் சைனிங் ரெக்வெஸ்ட், நம்ம சைட்டுக்கு சர்டிஃபிகேட் கேட்டு சிஏவுக்கு (சர்டிஃபிகேட் அத்தாரிட்டி, அத சைன் பண்ணித் தர்றவங்க) அனுப்பற ஃபைல். லினக்ஸ் அட்மின்களுக்கான எல்பிஐசி 2 தேர்வுல 202 பேப்பர் எழுதப்போறவங்க நிறைய பேர் அப்பாச்சி வெப் சர்வரோட ஹெச்டிடிபிஎஸ் பகுதிக்கு ரெண்டு கமாண்ட மனப்பாடம் பண்ணிட்டு போயிடறாங்க. 90 நிமிஷத்துல 60 கேள்வி, சிலதுக்கு விடைய நாமளே டைப் பண்ணணும், அங்க மனப்பாடம் பாதியில கழண்டுக்கும். கமாண்ட ஓட்டறத விட, ஓட்டி வந்த ஃபைல திறந்து படிக்கறதுக்குதான் நான் அதிக நேரம் ஒதுக்கினேன், அதுதான் உதவிச்சு.

மொதல்ல ஒரு 2048 பிட் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ, அப்புறம் அத வச்சு ஓப்பன்எஸ்எஸ்எல் டூலோட ரெக் கமாண்ட். வரிசையா கேட்கும், நாடு (ரெண்டெழுத்து கோடுதான், முழுப்பேர் அடிச்சா நீளம் அதிகம்னு திருப்பிக் கேட்கும்), மாநிலம், ஊர், நிறுவனம், காமன் நேம். கடைசில கேட்கற சேலஞ்ச் பாஸ்வேர்டுக்கும் கீய பூட்டி வைக்கற பாஸ்ஃபிரேஸுக்கும் சம்பந்தமே இல்ல, என்டர் தட்டிட்டு போயிட்டே இருங்க.

இப்ப அதே ரெக்ல டெக்ஸ்ட், வெரிஃபை, நோஅவுட் ஆப்ஷன் போட்டு வந்த சிஎஸ்ஆர பாருங்க. சப்ஜெக்ட் (நீங்க கொடுத்த நாடு, ஊர், பேர் விவரம்) இருக்கும், பப்ளிக் கீ இருக்கும், அடியில ஒரு சிக்னேச்சர். பிரைவேட் கீ உள்ள இருக்காது, ஆனா அந்த சிக்னேச்சர் அதால போட்டது, அதனால கீ நம்மகிட்டதான் இருக்குன்னு சிஏவுக்கு அதுவே சாட்சி. தேதி எங்கயாச்சும் இருக்கான்னு தேடுங்க, கிடைக்காது. எத்தன நாள் செல்லும்னு முடிவு பண்றது சிஏ, நீங்க டேஸ் 365னு கமாண்ட்ல போட்டாலும் சிஎஸ்ஆர்ல ஏறாது. அதே கமாண்ட்ல எக்ஸ்509 ஆப்ஷன் சேர்ந்துட்டா கதையே வேற, சிஎஸ்ஆருக்கு பதிலா நம்ம கீயாலயே சைன் ஆன செல்ஃப் சைன்ட் சர்டிஃபிகேட்டே வந்து நிக்கும், டேஸுக்கு அப்பதான் வேல. இந்த வித்தியாசம் புரிஞ்சாலே பாதி சந்தேகம் தீந்துடும்.

காமன் நேம்ல டொமைன் போட்டா போதும்னு சொல்ற பழைய நோட்ஸ தூக்கிப் போடுங்க. குரோம் 2017லயே, 58வது வெர்ஷன்ல, காமன் நேம பாக்கறத விட்டுடுச்சு, சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் (டொமைன் பேர்கள போடற தனி இடம்) இல்லன்னா எரர்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1லேர்ந்து ஆட்எக்ஸ்ட் ஆப்ஷன்லயே அத கொடுத்துடலாம், அதுக்கு முந்தின வெர்ஷன்னா கான்ஃபிக் ஃபைல்ல எழுதணும். பிராக்டீஸுக்கு நீங்களே சிஏவா மாறி, எக்ஸ்509 கமாண்ட்ல ரெக் ஆப்ஷன் போட்டு சைன் பண்ணீங்கன்னா ஒரு கூத்து பாக்கலாம், சிஎஸ்ஆர்ல பத்திரமா இருந்த அந்த பேரெல்லாம் சர்டிஃபிகேட்ல காணாம போயிருக்கும்! தானா காப்பி ஆகாது, 3.0ல வந்த காப்பி எக்ஸ்டென்ஷன்ஸ் ஆப்ஷன் போடணும், இல்ல எக்ஸ்ட்ஃபைல் ஆப்ஷன்ல தனி ஃபைலா கொடுக்கணும். இத ஒருதடவ கண்ணால பாத்துட்டா, கேட்டத எல்லாம் சிஏ அப்படியே தந்துடாதுங்கறது மறக்கவே மறக்காது.

கீக்கு பாஸ்ஃபிரேஸ் வச்சா அப்பாச்சி ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் கேட்கும், வைக்கலன்னா ஃபைல் பர்மிஷன் 600ஆ (ஓனர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும். கீ, சிஎஸ்ஆர், சர்டிஃபிகேட் மூணுலயும் மாடுலஸ் (கீக்குள்ள இருக்கற பெரிய எண்) எடுத்து ஒப்பிட்டுப் பாக்கவும் பழகிக்கோங்க. கீயும் சர்டிஃபிகேட்டும் ஒண்ணா இல்லன்னா அந்த சர்டிஃபிகேட் வேற கீக்கு வாங்கினது, அதுக்கான கீய கொடுக்கற வரைக்கும் அப்பாச்சி எழுந்திருக்காது.