மஞ்சள் அட்டைக்காக ரெண்டு தடவை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்

கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஊசிக் கதையைத்தான். கரீபியன் கடலும் கிறிஸ்துமஸ் அலங்காரமும் அப்புறம்.

மகன் ஃப்ளோரிடாவில் இருக்கிறான். டிசம்பர் 20-ல் ஃபோர்ட் லாடர்டேலில் கிளம்பி அரூபா, கொலம்பியாவின் கார்ட்டஹேனா, பனாமா என்று சுற்றி 31-ஆம் தேதி திரும்புகிற கப்பலில் எங்கள் இருவருக்கும் அறை போட்டுவிட்டான். அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தது. "மஞ்சள் காய்ச்சல் ஊசிகூட வேணாம்னு கப்பல் கம்பெனியில சொல்லிட்டாங்கம்மா" என்றான்.

கம்பெனிக்கு வேண்டாம், சரி. நம் ஊருக்கு வேண்டுமே! கொலம்பியாவும் பனாமாவும், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா போட்ட பட்டியலில் இருப்பவை. அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இங்கே வந்து இறங்கினால் ஊசி போட்டதற்கான சான்றிதழை, அதாவது மஞ்சள் அட்டையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைத்துவிடலாம். எங்களுக்குக் கப்பலை விட்டு இறங்கிய அன்றே விமானம். பனாமாவிலிருந்து சென்னைக்கு ஐந்தே நாள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடவும் முடியாது.

திருச்சியிலிருந்து ராத்திரி மலைக்கோட்டையில் ஏறி விடியற்காலை எழும்பூர். தடுப்பூசி மையம் எது என்று சொல்லப் போவதில்லை. ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும் என்பதால் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் ஆள் சேர்த்துப் போடுகிறார்கள். அதை விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தோம். விசாரிக்காமல் விட்டது இவருடைய வயதை. இவருக்கு 63. அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் அதிகமாம், டாக்டர் கடிதம் வேண்டுமாம். போனில் கேட்டபோது "பாஸ்போர்ட் மட்டும் எடுத்துட்டு வாங்க" என்று சொன்ன அதே குரல்தான் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு, "இதுகூடத் தெரியாதா சார்?" என்றது. எனக்கு மட்டும் ஊசி. இவருக்கு ரிட்டர்ன் டிக்கெட்.

அடுத்த வாரம் கடிதத்தோடு மறுபடி மலைக்கோட்டை. தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன், நல்லவேளை. ஊசி போட்டு அட்டையைக் கையில் கொடுத்ததும் இவர் மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். பிடுங்கிப் பார்த்தேன். பாஸ்போர்ட் எண்ணில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 7. திருப்பிக் கொடுத்தால், அந்த ஏழின் கொம்பின் மேலேயே பேனாவை வைத்து இரண்டு தடவை அழுத்தினார் எழுதியவர். "அவ்ளோதாம்மா, சரியாப் போச்சு." அட்டையில் அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாமல் போகலாம் என்று அந்த அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஐந்து நிமிடத்தில் புது அட்டை வந்தது. நீங்களும் மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லுகிற அட்டை அது.

விமானம், மகன் வீட்டில் பத்து நாள், எல்லாம் சுகம். கப்பல் ஏறுகிற இடத்தில் அடுத்த சிக்கல். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி, விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு., அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை'. மகன் டிக்கெட் போடும்போது அப்பா பெயரை இரண்டாக உடைத்து இரண்டு கட்டத்திலும் நிரப்பியிருந்தான். கவுன்டரில் இருந்த பெண் மூன்றையும் பரப்பி வைத்து, "இதில் எது உங்கள் பெயர்?" என்று கேட்டாள். இனிஷியல் என்றால் என்ன என்று ஃப்ளோரிடாவில் விளக்கிப் பாருங்கள்! முக்கால் மணி நேரம், இரண்டு மேலதிகாரிகள். டிக்கெட் போட்ட கையோடு கம்பெனிக்குப் போன் செய்து, பெயரை பாஸ்போர்ட், விசாவில் உள்ளபடி எப்படிப் பதிவது என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அறைக்கு வர ராத்திரி ஆகிவிடுகிறது. பி.பி. மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். இவருடைய பெட்டி மட்டும் வரவேயில்லை. உள்ளே குட்டி எலக்ட்ரிக் கெட்டில். தீப்பிடிக்கும் என்று அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதையும் விடுவதில்லை. சீட்டு ஒட்டிப் பறிமுதல், கடைசி நாள் திருப்பித் தந்தார்கள். பதினோரு நாளும் வெந்நீரில் முக்கிய டீப் பையைப் பார்த்து இவர் பெருமூச்சு விட்டார். பனாமா கால்வாயின் கட்டுன் 'லாக்'குகளில், அதாவது தண்ணீரை நிரப்பிக் கப்பலைத் தூக்கிவிடும் தொட்டிகளில், மூன்று படியாகக் கப்பல் 26 மீட்டர் மேலே ஏறியபோதுகூட, "இந்நேரம் ஒரு டீ இருந்தா..." என்றார்.

சென்னையில் சுகாதார கவுன்டர். உண்மையாகவே கேட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற தம்பதியிடம் அட்டை இல்லை, ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் அட்டைகளைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, எண்ணில் இருந்த அந்த 1-ஐ விரலால் தொட்டுப் பார்த்து, "போகலாம்" என்றார் அதிகாரி. நான் நன்றி சொல்லித் திரும்புவதற்குள் இவர் டீக்கடை எந்தப் பக்கம் என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.