பலகைக்கு முன் நின்ற நண்பன்

1997 ஆம் ஆண்டு எமது கல்லூரி போரினால் இடம்பெயர்ந்து, வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலை அண்டிய பாலை மரங்களின் கீழ் இயங்கிய காலத்தை இம்மலரை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கிடுகு வேய்ந்த கொட்டில்களுக்குச் சுவர் இருக்கவில்லை. ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு நுணுக்குக்காட்டிகூட எம்மிடம் இல்லை. ஆனாலும் என் வாழ்நாளில் நான் கண்ட மிகச் சிறந்த உயிரியல் பரிசோதனை அந்த மணல் தரையிலேதான் நடந்தது.

எமது வகுப்பில் எறிகணை வீச்சில் இரு கண்களின் பார்வையையும் இழந்த நண்பன் ஒருவன் படித்தான். யாருடைய கையையும் பிடியாமல் நடந்து வருவான். மரமோ பலகையோ குறுக்கிட்டால் ஒரு முழத்துக்கு முன்பே நின்றுவிடுவான். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "முன்னுக்கு ஏதோ நிக்குது, முகத்தில படுது" என்பான். புலன்கள் பற்றிய பாடம் வந்த அன்று ஆசிரியர் அவனுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, மரத்தில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையை எடுத்து, சத்தமில்லாமல் வெவ்வேறு இடங்களில் நிமிர்த்திப் பிடித்தார். நண்பன் ரப்பர்ச் செருப்பு தட்டுப்பட நடந்து வந்தான். ஆறு தடவைகளில் ஐந்து தடவை பலகையில் முட்டாமல் நின்றான். பிறகு அவனே, "சேர், காதை அடைச்சுப் பாப்பமோ?" என்று கேட்டான். முதலுதவிப் பெட்டியில் இருந்த பஞ்சைக் காதுகளில் திணித்துக்கொண்டு மறுபடி நடந்தான். இம்முறை அவன் நிற்கவில்லை; முன்னே நீட்டியிருந்த கை பலகையில் மோதியது. பஞ்சை எடுத்துவிட்டு, பலகையைக் கையால் தடவியபடி சற்று நேரம் பேசாமல் நின்றவன், "அப்ப முகமில்லை சேர், காது" என்றான். இரண்டு வருடங்களாகத் தன் முகத்துத் தோல்தான் தடையை உணர்கிறது என்று அவன் முழுமனதாக நம்பியிருந்தான்.

அந்த இடத்தில்தான் ஆசிரியர் வௌவாலுக்கு வந்தார். இத்தாலியரான ஸ்பலன்சானி 1793 இல், பார்வை பறிக்கப்பட்ட வௌவால்களும் அறையில் கட்டிய நூல்களில் முட்டாமல் பறப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூயி ஜூரின் அவற்றின் காதுகளை அடைத்தபோது அவை தடைகளில் மோதி விழுந்தன. ஓசையே எழுப்பாத பிராணிக்குக் காது எதற்கு என்று அறிஞர்கள் அதனை ஏற்கத் தயங்கினார்கள். ஓசை இருந்தது, மனிதச் செவிக்குத்தான் எட்டவில்லை. எமது செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது செக்கனுக்கு அத்தனை தடவை நிகழும், அதிர்வுகளையே கேட்கும். அதற்கு மேலே வௌவால் கத்துவதை 1938 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்த டொனால்ட் கிரிபின் கருவி கொண்டு கண்டறிந்தார். அந்தக் கத்தல் தடையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டே வௌவால் விலகிப் பறக்கிறது; நண்பனுக்கு அவனுடைய செருப்புச் சத்தத்தின் எதிரொலி. எங்கள் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றிய பூச்சிகளைப் பிடிக்க இருட்டிலிருந்து வந்து போன வௌவால்களை நான் அதுவரை மிகச் சாதுவான பிராணிகள் என்று எண்ணியிருந்தேன். அவற்றின் கத்தல் எமக்குக் கேட்குமானால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

கனடாவுக்கு வந்த பின்னர் நூலகமொன்றில் வாசித்தபோதுதான், 1944 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பார்வையற்றவர்களைக் கொண்டு இதே சோதனையைச் செய்து, இதே முடிவுக்கு வந்தார்கள் என்று அறிந்தேன். அங்கும் முகத்தில் படுகிறது என்றே அவர்களில் சிலர் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை வாசித்தபோது என் கண் கலங்கியது.

சுவரில்லாத கொட்டில்களில் ஒரு வகுப்பின் பாடம் மற்ற வகுப்புக்கும் கேட்கும். ஒரு நாள் பக்கத்துக் கொட்டிலில் தொல்காப்பிய மரபியலின் "நண்டும் தும்பியும் நான்கறி வினவே" என்ற வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நண்டுக்கும் தும்பி எனும் வண்டுக்கும் நான்கு அறிவு என்பது அதன் பொருள். செவிப்புலன் ஐந்தாவது அறிவாக வருவதால், அந்தக் கணக்கில் வண்டுக்குக் காது இல்லை. எங்கள் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி அதனைக் கேட்டுவிட்டு, இவ்வளவு பழைய காலத்தில் உயிர்களைப் புலன்களைக் கொண்டு வகுத்ததை மனதாரப் புகழ்ந்தார். புகழ்ந்த பிறகு, தேனீயைப் பற்றி இன்று தெரிந்ததையும் சொன்னார். தேனீயின் உணர்கொம்பில் உள்ள உறுப்பு, கூட்டின் இருட்டில் ஆடும் இன்னொரு தேனீயின் சிறகோசையைக் காற்றசைவாக உணர்கிறது. எமக்குத் தெரியாத புறஊதா நிறமும் அதற்குத் தெரியும். எமக்குத் தெரியும் சிவப்பு அதற்குத் தெரியாது.

காதுக்கு எட்டாத ஓசையின் மறுமுனையை, 20 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதை, எனக்குக் காட்டியவர் என் அப்பு. காலபோக நெல் முற்றும் நாட்களில் காவற்கொட்டிலில் அவரோடு படுப்பேன். அவர் மடியில் ஒரு சிறு பையில் அடுப்புச் சாம்பல் இருக்கும். சிட்டிகை எடுத்து உதிர்த்து, நிலவில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். ஒரு இரவு, "காத்து மாறிப்போச்சு, அது எங்களை மணந்திட்டுது" என்று மெல்லச் சொன்னார். வரம்புக்கு அப்பால் நின்ற யானை தும்பிக்கையை எங்கள் பக்கம் உயர்த்தியபடி அசையாமல் நின்றது. மனிதனுக்கு மணம் அறியும் மரபணுக்கள் ஏறக்குறைய 400 என்றால் ஆபிரிக்க யானைக்கு ஏறக்குறைய 2,000 உண்டு என்பது 2014 இல் வெளிவந்தது. அப்பு யானையைப் பார்த்ததும் "இன்னும் நிக்குதுகள்" என்று பன்மையில் சொன்னார். நான் கண்டது ஒன்றைத்தான். 1984 இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லன்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகில் நின்றபோது காற்று துடிப்பதை உடலால் உணர்ந்து, அவை 20 ஹெர்ட்சுக்கும் கீழே பேசிக்கொள்வதைப் பின்னர் பதிவு செய்தார். வற்றாப்பளைப் பொங்கலில் பறைக்கு அருகில் நின்றவர்களுக்கு, ஓசை நெஞ்சில் வந்து இடிப்பது தெரிந்திருக்கும். அன்றிரவு அந்த யானைகள் எங்களைப் பற்றித் தமக்குள் என்ன சொல்லிக்கொண்டன என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நண்பன் இன்று எமது கல்லூரியிலேயே சங்கீதம் கற்பிக்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில் புதிய மண்டபத்தைப் பற்றிச் சொன்னான். மாபிள் பதித்த தரை என்பதால் ஒரு தரம் கை தட்டினாலே சுவர் எங்கே, கதவு எங்கே என்று தெரிகிறதாம். "ஆனா ஃபானைப் போட்டா எனக்குக் கண்ணைக் கட்டினமாதிரி இருக்குமடா" என்றான். அம்மண்டபத்துக்கு மின்விசிறி வாங்க எமது பழைய மாணவர் சங்கம் இவ்வாண்டு பணம் சேர்க்கிறது. வரும் பொதுக்கூட்டத்தில், விலை சற்றுக் கூடினாலும் இரைச்சல் குறைந்தவையாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றும், சங்கீத வகுப்பு நேரத்தில் அவற்றை நிறுத்தும் ஆளியை அவன் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்த வேண்டும் என்றும் கேட்க இருக்கிறேன்.