அபராதம் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலையில் இருக்கும் எங்களிடம் இறக்குமதியாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "ஃபைன் கட்டியாச்சே சார், இன்னும் என்ன?" கேஸ் இன்னும் முடியவில்லை என்று சொன்னால் பயமுறுத்துகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் பார்ட்டி ஒருவரின் கன்டெய்னர். என்ன சரக்கு என்று சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் பிளாஸ்டிக் சாமான் மட்டும்தான். திறந்து பார்த்தால் முன்வரிசைப் பெட்டிகள் சொன்னபடியே இருந்தன. அவற்றுக்குப் பின்னால், அதே அளவில், அதே டேப் ஒட்டிய பெட்டிகளுக்குள் பவர் பேங்க்.

1962 சுங்கச் சட்டத்தின் 111-வது பிரிவில் பறிமுதல், 112-ல் பெனால்டி. தடை இல்லாத பொருள் என்றால் 125-ன்படி மீட்பு அபராதம் கட்டி எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தந்தாக வேண்டும், தடை உள்ளது என்றால் அது அதிகாரியின் முடிவு. இதெல்லாம் துறைக்குள் நடப்பது. 135-வது பிரிவு வேறு: கமிஷனர் அனுமதி கொடுத்தால் கோர்ட்டில் வழக்கு, பொதுவாக 3 ஆண்டு வரை, சரக்கின் சந்தை மதிப்பு 1 கோடியைத் தாண்டினால் 7 ஆண்டு வரை சிறை. ஒன்றைக் கட்டியதால் மற்றது போய்விடாது. 1949-ல் ஜெட்டாவிலிருந்து பம்பாய்க்குத் தங்கத்தைச் சொல்லாமல் கொண்டுவந்த மக்பூல் ஹுசைன், சுங்கத்துறை ஏற்கெனவே பறிமுதல் செய்துவிட்டதே, மறுபடி வழக்கா என்று கேட்டார். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, அதனால் இது இரண்டாவது தண்டனை ஆகாது என்று 1953-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் ஆட்கள் மாட்டிக்கொள்வது 108-வது பிரிவின்படி சுங்க அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில்தான். சீக்கிரம் சரக்கை எடுத்தால் போதும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுகிறது என்ற அவசரத்தில், "தெரிஞ்சுதான் செஞ்சேன், ஃபைன் கட்டிடறேன்" என்று எங்கள் பார்ட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். போலீஸிடம் தந்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பார்கள், ஆனால் சுங்க அதிகாரி போலீஸ் கிடையாது, ஆகவே அந்தத் தாள் கிரிமினல் கோர்ட்டிலும் சாட்சியாக நிற்கும். போதாததற்கு 138ஏ வேறு இருக்கிறது: குற்ற எண்ணம் இருந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு.

சரி, வழி இல்லையா என்றால் 137-ல் காம்பவுண்டிங் (பணம் கட்டி கிரிமினல் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்வது) இருக்கிறது, அதற்குத் தனிப் பணம். இன்னொன்று, துறை உத்தரவை எதிர்த்து அப்பீல். துறை நடவடிக்கையில், சம்பந்தப்பட்டவர் தவறே செய்யவில்லை என்று, வெறும் தொழில்நுட்பக் காரணத்துக்காக இல்லாமல் தகுதி அடிப்படையில் தீர்ப்பானால், அதே விஷயத்துக்குக் கிரிமினல் வழக்கை நடத்தக்கூடாது என்று ராதேஷ்யாம் கேஜ்ரிவால் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உண்மையிலேயே தெரியாமல் மாட்டியவர்கள்கூட, சரக்கு கைக்கு வந்துவிட்டது, இனி வக்கீல் செலவு எதற்கு என்று அப்பீலை விட்டுவிடுகிறார்கள், அதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும்.