சீட்டில் கூடுதலாக ஒரு வரி

வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது என் வழக்கம். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று எங்கள் குடும்ப டாக்டர் கடகடவென்று எழுதித் தருவார். இந்த முறை அவர் சீட்டைக் கிழிப்பதற்குள், "எச்.ஐ.வி.யும் சேர்த்து எழுதிடுங்க டாக்டர்" என்றேன். பேனா நின்றுவிட்டது.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்துபோய், பாதி திறந்திருந்த கதவைச் சாத்திவிட்டு வந்தார். "என்ன ஆச்சு, ஏதாவது பிரச்சினையா?" குரல் தாழ்ந்திருந்தது. மூலத்துக்கு வைத்தியம் கேட்டபோதுகூடக் கதவைச் சாத்தாத மனிதர். ஒன்றும் ஆகவில்லை, 46 வயதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அதனால்தான் என்றேன். "உங்களுக்கெல்லாம் எதுக்குங்க அது?" என்று சிரித்தார்.

அந்த 'உங்களுக்கெல்லாம்'தான் உறுத்தியது. 15 வருஷமாக என்னைத் தெரியும். அதாவது என் இருமல், முதுகுவலி, பிள்ளைகளின் தடுப்பூசிக் கணக்கு எல்லாம் தெரியும். அந்தரங்கமாக ஒரு கேள்வி கேட்டதில்லை, நானும் எதுவும் சொன்னதில்லை. (சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்?)

அப்புறம் நான் படித்துவிட்டு வந்ததைச் சொன்னேன். 13 முதல் 64 வயதுவரை எல்லோருக்கும், ஆபத்து உள்ளவரா இல்லையா என்று பார்க்காமல், வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பரிசோதனையையும் செய்யும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-லேயே பரிந்துரைத்துவிட்டது. தொற்று வந்தும் பல வருஷம் அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். ஆளைப் பார்த்து யூகித்தால் கோட்டை விட்டுவிடுவோம். "தெரியும்ங்க" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நானா எழுதினா, டாக்டர் நம்மளைச் சந்தேகப்படுறார்னு நினைப்பாங்க. அடுத்த தடவை வர மாட்டாங்க. பாசிட்டிவ்னு வந்துட்டா அதை எப்படிச் சொல்றதுங்கிறது வேற."

நியாயமான பயம்தான். ஆனால் சர்க்கரைக்கு எழுதும்போது யாரும் அப்படி நினைப்பதில்லையே, எல்லோருக்கும் எழுதுவதால்தானே? ஆள் பார்த்து எழுதினால்தான் அது சந்தேகம் என்றேன். பதில் சொல்லாமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. கடந்த மூன்று மாதத்தில் தொற்றுக்கு வாய்ப்பாக ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நடந்திருந்தால் இப்போது தெரியாமல் போகலாம், மறுபடி பார்க்க வேண்டியிருக்குமாம். நான்காம் தலைமுறைச் சோதனை, தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளோடு வைரஸின் பி24 புரதத்தையும் தேடுவதால், லேப்பில் செய்தால் பெரும்பாலும் 45 நாளுக்குள் தெரிந்துவிடும் என்றார். முதல் சோதனை ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்தாலும் அதுவே முடிவு இல்லை, உறுதிசெய்ய வேறு சோதனை உண்டு. முடிவு நம் இருவருக்குள்தான் என்று சொல்லி, சம்மதம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ரத்தம் எடுக்க எப்போதும்போல ஒரே குத்துதான்.

மூன்றாம் நாள் 'நான்-ரியாக்டிவ்', அதாவது தொற்று தென்படவில்லை என்று வந்தது. கொழுப்புதான் எகிறியிருந்தது, திட்டு முழுக்க அதற்கே.

சில மாதம் கழித்து மனைவியோடு போயிருந்தேன். "எல்லாருக்கும் எழுதுறதுல இப்ப எச்.ஐ.வி.யும் சேர்த்திருக்கேன்மா. வேண்டாம்னா சொல்லுங்க, அடிச்சிடறேன்" என்று சீட்டை நீட்டினார். கதவு பாதி திறந்தபடியே இருந்தது.

அவள் சீட்டை ஒருமுறை படித்துவிட்டு, "இதுக்கும் சாப்பிடாம வரணுமா டாக்டர்?" என்றாள்.