பனி மேல பழி போடாதீங்கண்ணே

மார்கழி மாசம், விடியக்காலை அஞ்சரை மணி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பரைப் பார்த்து வரிசையா நிக்கிற டிரெய்லர்கள்ல ஒண்ணு ஸ்டார்ட் ஆகல. முன்னாடி லைன் நகர்ந்துடுச்சு. பின்னாடி இருக்கிறவங்க ஹாரன்லயே திருப்பள்ளியெழுச்சி பாடுறாங்க. டிரைவர் ஓனருக்குப் போன் போடுறாரு: "பனிண்ணே. டீசல் உறைஞ்சிடுச்சு போல."

உறையாது. மார்கழியிலயும் இங்க ராத்திரி 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உறையுற ஊருன்னா லடாக். அதுக்குன்னே 2019-ல மைனஸ் 33 வரைக்கும் தாங்குற டீசலைக் கொண்டுவந்தாங்க. திருவொற்றியூர்ல நம்மாளு மங்கி குல்லா போட்டுக்கினா டீசலுக்குமா குளிரும்?

அதுக்குள்ள டீக்கடையில இருந்து நாலு பேர் வந்துட்டாங்க. ஒருத்தர் இன்ஜினைச் சுத்திக் கிளப்புற செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால தட்டச் சொல்றாரு. இன்னொருத்தர், "இன்னாபா பாத்துனு நிக்கிறீங்க, கை வைங்க, தள்ளிடலாம்!" லோடு ஏத்தின டிரெய்லரு! ராத்திரி பூரா ஏர் இறங்கிப் போயிருந்தா ஏர் பிரஷர் இருந்தாத்தான் விடுற ஸ்பிரிங் பிரேக் சக்கரத்தைக் கவ்விப் பிடிச்சிருக்கும். ஊரே கூடித் தள்ளினாலும் அசையாது.

முதல்ல செல்ஃப் அடிச்சு, காதைக் கொடுத்துக் கேக்கணும். ஒரே ஒரு 'டக்' சத்தம், இல்லன்னா இழுத்து இழுத்துச் சுத்துதுன்னா கரண்ட் பக்கம் கோளாறு. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் கிடையாது, காத்தை அமுக்குற சூட்டுலதான் தீ பிடிக்கணும். மெதுவா சுத்தினா அந்தக் காத்து பிஸ்டன் ரிங் வழியா கசிஞ்சுடும், சூடும் சிலிண்டர் சுவத்துக்குப் போயிடும். எரியாத டீசல்தான் சைலன்சர்ல வெள்ளைப் புகையா வருது, பனிமூட்டம் இல்ல.

ரெண்டு 12 வோல்ட் பேட்டரியும் சேர்ந்து சும்மா இருக்கும்போது 25 வோல்ட்டுக்கு மேல காட்டணும். செல்ஃப் அடிக்கையில 19-க்குக் கீழ விழுந்தா பேட்டரி போச்சு. பேட்டரி நல்லாருந்தும் இழுக்கலன்னா டெர்மினலைப் பாருங்க. கடல் காத்து ஊராச்சே, வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கும். வெந்நீர் ஊத்தி, எமரி தேச்சு, கிரீஸ் தடவணும். சேசிஸ்ல முடுக்கின எர்த் கேபிளோட முனையையும் கழட்டிப் பாக்கணும். துரு பெயிண்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். பேட்டரி மாத்தினா ஜோடியா மாத்துங்க. பழசு ஒண்ணு கூட இருந்தா புதுசையும் சேர்த்துக் கெடுத்துடும்.

செல்ஃப் விர்ருன்னு சுத்துது, ஆனா புகையே வரலன்னா இன்ஜினுக்கு டீசல் போகல. பனி மேல பழி விழுறது பெரும்பாலும் இந்தக் கேஸ்லதான். ஃபில்டர் ரப்பர் ரிங், பைப் முனையில இருக்கிற காப்பர் வாஷர், ஓஸ் கிளிப், இதுல எங்கயாவது மயிரிழை இடைவெளி இருக்கும். வண்டி ஓடும்போது பம்ப் டீசலைத் தொடர்ந்து இழுத்துட்டே இருக்கிறதால தெரியாது. ராத்திரி நின்னா அந்த வழியா காத்து நுழைய, லைன்ல இருக்கிற டீசல் மெள்ள டேங்குக்கே இறங்கிடும். சொட்டுக்கூட வெளிய வராது, ஏன்னா அது உறிஞ்சுற பக்கம். காலையில ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா நாள் பூரா சமத்தா ஓடும். அப்புறம் எவன் நம்புவான்?

ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்குரூவை ரெண்டு சுத்து தளர்த்தி ஹேண்ட் பிரைமரை, அதாவது டீசலைக் கையால ஏத்துற குட்டிப் பம்ப்பை, அமுக்குங்க. மொதல்ல நுரை நுரையா பொங்கும், அப்புறம் குமிழே இல்லாம கண்ணாடி மாதிரி டீசல் வழியும். அப்போ மூடிட்டு செல்ஃப் அடிங்க. உடனே பிடிச்சுட்டா ஏர் லீக்கேதான். பழைய வண்டின்னு நினைச்சு டீசலைப் பயங்கர பிரஷர்ல இன்ஜெக்டருக்கு அனுப்புற காமன் ரெயில் வண்டியில இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திடாதீங்க, அந்தப் பிரஷர் கையைத் துளைச்சுட்டுப் போயிடும். எங்க லீக்குன்னு தெரியலன்னா ஃபில்டருக்கு முன்னாடி ஒரு சாண் கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற ஓஸ் மாட்டிப் பாருங்க, குமிழி ஓடுறது தெரியும்.

எதுவானாலும் செல்ஃபை ஒரே மூச்சுல 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, நடுவுல ஒரு நிமிஷம் ஆற விடுங்க. ஸ்டார்ட் ஆனதும் பின்னாடி ஹாரன் அடிக்கிறவருக்குப் பதில் சொல்ற மாதிரி ஆக்சிலேட்டரை உறுமவும் வேணாம். டர்போவுக்கு இன்னும் ஆயில் ஏறியிருக்காது. ஏர் மீட்டர் முள் ஏறி பிரேக் விடுற வரைக்கும் வண்டி எப்படியும் நகரப் போறதில்ல. அவர் அடிச்சுக்கட்டும்.