எத்தனை பவுண்ட்?

டென்னிஸ் ராக்கெட்டை மேசைமேல் வைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எத்தனை பவுண்ட்? நரம்பை எவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டும் என்ற கணக்கு அது. ஐம்பதா, ஐம்பத்திரண்டா, நாற்பத்தெட்டா? கேட்டுவிட்டு ஆட வந்த பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன். ஜூனியர் போட்டி என்றால் பதில் பெரும்பாலும் அவளிடமிருந்து வராது. பின்னால் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக நிற்கும் அப்பா சொல்வார்.

டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது என் தொழில். பழைய ஆட்கள் இன்னும் ‘கட்’ என்பார்கள். ஆங்கிலத்தில் குடல் என்று பொருள்; விலங்கின் குடலைத் திரித்துச் செய்த காலத்துப் பெயர். இப்போது என் கைக்கு வருவது பெரும்பாலும் பாலியெஸ்டர். சென்னையில் சின்னக் கடை. போட்டி நடக்கும் வாரங்களில் மெஷினைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கே போய்விடுவேன். கேலரிப் படிக்கட்டின் கீழ் ஒரு மேசை, ஒரு விசிறி, ராக்கெட் மாட்ட வரிசையாக ஆணிகள். இருபது வருடமாக இதுதான். இத்தனை வருடத்தில் முழு ஆட்டம் ஒன்றை உட்கார்ந்து பார்த்த நாட்கள் குறைவு. பந்தின் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஜூனியர் வாரம் என்றால் கல்யாண வீடுதான். மரத்தடியில் மடக்கு நாற்காலிகள், டிபன் கேரியர்கள், விரித்து வைத்த பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம். ஒரு பெண் ஆட இறங்கினால் நான்கு பேர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தோற்றவள் அழுவாள், பாட்டி திட்டுவாள், அரை மணி நேரத்தில் வென்றவளும் தோற்றவளும் ஒரே கூல்டிரிங்க் பாட்டிலைப் பகிர்ந்துகொள்வார்கள்.

பெண்களுக்கான 15,000 டாலர் போட்டி, தொழில்முறை ஆட்டத்தின் முதல் படி, அதே மைதானத்தில் அடுத்த மாதம் நடக்கும். அதே கோர்ட்டுகள், அதே படிக்கட்டு. ஆனால் சத்தமே இருக்காது. ஜப்பானிலிருந்து ஒருத்தி, தாய்லாந்திலிருந்து ஒருத்தி, முப்பதைத் தொட்ட ஒரு ஐரோப்பியப் பெண், தன் துணியைத் தானே துவைத்து வேலியில் காயப்போட்டுக்கொண்டு. எல்லைக் கோடுகளைப் பார்க்கத் தனி நடுவர்கள் இல்லை. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சண்டை வந்தால் நாற்காலியில் இருக்கும் ஒரே நடுவர் தீர்த்துவைப்பார். செலவை மிச்சப்படுத்த இரண்டு பெண்கள் ஒரே அறையில் தங்கி, காலையில் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கி, எதிரெதிரே நின்று ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். திரும்பும்போதும் ஒரே ஆட்டோதான்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கு மாவட்டத்துக்காரர்கள். மகளின் டென்னிஸுக்காகவே அப்பா சென்னைக்கு மாறுதல் வாங்கி வந்தவர். பன்னிரண்டு வயதில் முதல்முறை என் கடைக்கு வந்தாள். “52 போடுங்கள், தம்பி” என்றார் அப்பா. அந்தக் கைக்கு 52 அதிகம். இறுக்கம் கூடினால் பந்து ராக்கெட்டிலிருந்து துள்ளாது. தோளும் முழங்கையும் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். சொன்னால் அப்பாக்கள் கேட்க மாட்டார்கள். அதனால் நான் சொல்லாமலே 50 வைத்துக் கட்டிக் கொடுத்தேன். இது நான் பல வருடமாகச் செய்துவந்த காரியம். குழந்தைகளின் தோளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது. ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

பெண் வளர்வது நரம்பில் தெரியும். பதின்மூன்று வயதில் ஒரு மாதம் தாங்கியது பதினைந்தில் ஒரு வாரம், பதினாறில் மூன்று நாள். அறுந்தால் வருவார்கள், கட்டிக்கொண்டு போவார்கள். தொழில்முறைக்கு வந்தபின் இந்தப் பழக்கம் உடைகிறது. பாலியெஸ்டர் அறுவதற்கு வெகு முன்பே செத்துவிடும். கட்டிய இரவே கொஞ்சம் தளரும், இரண்டு மணி நேரம் ஆடினால் இன்னும் தளரும். விரலால் தட்டினால் ‘டிங்’ என்று வந்தது ‘டப்’ என்று வரும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் புதிதாகக் கட்ட வேண்டும், பழையது அறுந்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அந்தப் பெண் பதினாறு வயதில் முதல் தொழில்முறைப் போட்டிக்கு வந்தபோது நடந்தது இது. மூன்று ராக்கெட்டுகளை வைத்தாள். ஒன்றில்கூட நரம்பு அறுந்திருக்கவில்லை. நான் கத்திரியை எடுத்து நட்டநடுவில் வெட்டினேன். நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்கும் நெடுக்குமாக வெளிப்பக்கம் வெட்டிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்க இழுவையில் சட்டம் கோணிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சுளீர் சத்தம். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கும் நரம்பு. மூன்றாவது ராக்கெட்டுக்குக் கத்திரி போனபோது அவர் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார்.

அவர் கணக்குத் தெரிந்தவர். 200 மீட்டர் ரோல் ஒன்று, ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வீதம், பதினாறு ராக்கெட்டுக்கு வரும். ஜூனியரில் அரை வருடம் ஓடிய ரோல் இப்போது மூன்று வாரப் போட்டிக்கே பத்தாது. இந்தப் பக்கம் வரவு என்ன? ஜூனியர் சர்வதேசப் போட்டியில் பரிசுப் பணமே கிடையாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொழில்முறை என்றதும் பணம் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். 15,000 டாலர் என்பது அந்த வாரத்து ஒற்றையர், இரட்டையர் அத்தனை பேருக்கும் சேர்த்து. முதல் சுற்றில் தோற்றவளுக்கு 150 டாலர்கூடத் தேறாது. நம் பணத்தில் பதினைந்தாயிரம்கூட வராது. தகுதிச் சுற்றிலேயே தோற்றால் அதுவும் இல்லை. அறை வாடகை, ரயில், சாப்பாடு, என் கூலி எல்லாம் அதில் அடங்காது.

அந்த வாரம் முதல் சுற்றில் அவளுக்கு எதிரே இருபத்தொன்பது வயதுப் பெண். பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாதுவான ஆட்டம். அரை மணி நேரத்தில் முதல் செட் போயிற்று. செட் முடிந்ததும் நம் பெண் கழிப்பறை இடைவேளை கேட்டுக்கொண்டு என் மேசைக்கு நேராக வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. ராக்கெட்டை மேசைமேல் வைத்து, நரம்பை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினாள்.

“அண்ணா, நான் 52 சொன்னேன். நீங்கள் குறைத்துக் கட்டினீர்களா?”

இருபது வருடத்தில் முதல்முறை. ஆமாம் என்றேன். தோளுக்கு நல்லது என்று ஏதோ உளறினேன்.

“நான் அடிப்பதெல்லாம் ஒரு அடி வெளியே போகிறது. என் கையில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.” அவ்வளவுதான் சொன்னாள். கோபம் இல்லை. திரும்பி ஓடினாள்.

இரண்டாவது செட்டையும் தோற்றாள். நரம்பால் தோற்றாள் என்று சொல்ல மாட்டேன், அவளும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தவள், “அந்த அக்கா ஒன்றுமே செய்யவில்லை, அண்ணா. எல்லாப் பந்தையும் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான்” என்றாள். ஜூனியரில் நாலாவது பந்துக்கு எதிராளி தவறு செய்துவிடுவாள். இங்கே அந்த நாலாவது பந்து திரும்பி வரும், ஏழாவதும் வரும். இரண்டாவது சர்வீஸ் கொஞ்சம் மெதுவாக விழுந்தால் எதிராளி பேஸ்லைன் என்ற பின்கோட்டுக்கு உள்ளே ஓர் அடி எடுத்துவைத்துக் காத்திருப்பாள். ஜூனியர் தரவரிசையில் அவள் நல்ல இடத்தில்தான் இருந்தாள். அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூட இங்கே செல்லுபடியாகாது. உலக ஜூனியர் வரிசையில் முதல் நூறு பேருக்குள் இருந்தால் சின்னத் தொழில்முறைப் போட்டிகளில் சில இடங்கள் ஒதுக்குகிறார்கள், அதோடு சரி.

அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லாமல் பவுண்ட் குறைப்பதை நான் விட்டுவிட்டேன். குறைக்க வேண்டும் என்று தோன்றினால் சொல்லிவிடுகிறேன். கேட்டால் கேட்கட்டும்.

தோற்ற அன்றே என் ரசீதின் பின்பக்கத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டாள். அந்தச் சீட்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. முதல் சுற்றில் தோற்றால் பூஜ்யம். ஒரு ஆட்டம் வென்றால் ஒரு புள்ளி. காலிறுதிக்குப் போனால் மூன்று. பட்டமே வென்றால் பதினைந்து. உலகத் தரவரிசையில் பெயர் வரவே குறைந்தது மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் பத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். சேர்த்ததும் நிலைக்காது, 52 வாரத்தில் உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே போட்டி நடக்கும் ஊர்ப் பெயர்கள்: சோலாப்பூர், நாக்பூர், குருகிராம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ரயில் நேரம். பதினாறு வயதில் நான் போட்ட பெரிய கணக்கு, தீபாவளிக்கு எத்தனை வெடி என்பது.

பெற்றோர் மனதில் ஓடும் கணக்கு வேறு. சானியா மிர்சா 2003இல் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றார். 2005இல், பதினெட்டு வயதில், சொந்த ஊரான ஹைதராபாத்திலேயே சர்வதேசப் பட்டத்தை வென்றார். இரண்டே வருடம். இந்த இரண்டு வருடம் எத்தனை வீட்டு வைப்புநிதியைக் கரைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சானியாமேல் குற்றமில்லை; அவர் விதிவிலக்கு. விதி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அங்கிதா ரெய்னாவைப் பார்க்க வேண்டும். அவர் உலக ஒற்றையர் தரவரிசையில் தன் உச்சமான 160ஆம் இடத்தைத் தொட்டது 2020 மார்ச்சில், இருபத்தேழு வயதில். ஜூனியர் வயது முடிந்து ஒன்பது வருடம், வாரா வாரம், ஊர் ஊராக. அதையும் சாதனை என்றே சொல்ல வேண்டும். ஒற்றையரில் முதல் இருநூறுக்குள் போன இந்தியப் பெண்களை எண்ண இரண்டு கைகளின் விரல்களே தாராளம். 1998இல் ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் வென்று, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் எடுத்த கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனின் உச்சமே 134தான்.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் நடந்தபோது கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். பட்டம் வென்ற செக் நாட்டு லிண்டா ஃப்ரூவிர்தோவாவுக்கு வயது பதினேழு. கேலரியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நம் பெண்ணும் அப்பாவும். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் பதினைந்து வயதில் மும்பைப் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை போனார். அந்த வாரம் கடைக்கு வந்த ஒவ்வொரு அப்பாவும் தன் மகளின் வயதைத் தானாகவே சொல்லிவிட்டுத்தான் ராக்கெட்டைக் கொடுத்தார்.

அவசரப்படாதீர்கள் என்று சொல்ல விதியே இருக்கிறது. பதினான்கு நிறையாதவர்கள் தொழில்முறைப் போட்டியில் ஆட முடியாது. அதற்குப் பிறகும் பதினெட்டு வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் என்று உச்சவரம்பு உண்டு. பிஞ்சிலே பழுத்து உதிர்ந்த பெண்களைப் பார்த்து வந்த விதி. வரம்பைப் பற்றிக் குறைசொல்லும் பெற்றோர் நிறைய. நான் விதியின் பக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பாதை பிரியும். அமெரிக்கக் கல்லூரிகள் டென்னிஸ் ஆடும் பெண்களுக்கு உதவித்தொகை தருகின்றன. படிப்பு, தங்குமிடம், பயிற்சி, உடற்பயிற்சியாளர் எல்லாம் கிடைக்கும். ருதுஜா போஸ்லே டெக்சஸில் படித்துவிட்டு வந்துதான் ஹாங்ஷூ ஆசிய விளையாட்டில் ரோஹன் போபண்ணாவோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் தங்கம் வென்றார். சஹஜா யமலபள்ளியும் அந்த வழியில் போனவர். ஒரு காலத்தில் கல்லூரிக்குப் போவது என்றால் ஆட்டத்தை மூட்டை கட்டுவது என்று பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். 2025இல் சென்னை ஓபனை வென்ற இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

நம் பெண் போகவில்லை. கடிதம் வந்திருந்தது, மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லையாம், பிறகு இங்கேயே ஆடுகிறேன் என்றாளாம். சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது அவளுக்குத் தரவரிசையில் நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. அப்பா கூடப் போவதில்லை. இருவருக்கு டிக்கெட் எடுத்தால் ஒரு போட்டி குறையும். தனியாகத் துனீசியாவுக்குப் போய் ஒரே விடுதி வளாகத்தில் வரிசையாகப் போட்டிகள் ஆடிவிட்டு வருகிறாள். போன முறை வந்தபோது அவளே ராக்கெட்டுகளை மேசையில் அடுக்கி, “வெயில் என்றால் 51, மேகம் போட்டால் 49” என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

நேற்று அப்பா மட்டும் வந்தார். வீட்டில் விட்டுப் போன ராக்கெட் ஒன்று, அவள் திரும்பி வரும்போது தயாராக இருக்கட்டும் என்றார். சீட்டை எடுத்துக்கொண்டு பழக்கத்தில், “எத்தனை பவுண்ட், சார்?” என்றேன்.

வாயைத் திறந்தவர் நிறுத்தினார். “கேட்டுச் சொல்கிறேன்” என்று போனை எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. “அங்கே இப்போது என்ன நேரம்?” என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். பயிற்சியில் இருப்பாளாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். சீட்டில் பெயர் எழுதி, பவுண்ட் என்ற இடத்தை விட்டுவிட்டு, ராக்கெட்டைக் கடைசி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.